இரண்டு பூட்டும் ஒரு கடவாய்ப் பல்லும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று, கேமரன் மலையில் சுங்கை மெலோர் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு முந்திய ஐம்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அந்த அறியாமையின் காரணமாக எல்லாரும் அங்கே போய் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வியைக் கொண்டுவந்தவை இரண்டு கடிதங்கள். ஒன்று கோலாலம்பூரில் இருக்கும் கம்பெனித் தலைமையகம் எழுதியது. "மக்களின் உடல்நலம் என்பது அரசாங்கத்தின் புனிதமான கடமை. அதைத் தனியார் கையில் வைத்துக்கொண்டிருப்பது முறையாகாது. ஆகவே தோட்டத்து மருந்தகத்தை இன்று முதல் அரசாங்கத்திடம் பணிவுடன் ஒப்படைக்கிறோம்" என்றது அது. மற்றொன்று அரசாங்கத்தின் உடல்நல ஒருங்கிணைப்பு அலுவலகம் எழுதியது. "எல்லாவற்றையும் அரசாங்கமே செய்த காலம் மலையேறிவிட்டது. இனித் தனியாரின் சுறுசுறுப்புக்கு வழிவிடுவோம். ஆகவே தோட்டத்து மருந்தகம் தொடர்பான பொறுப்பு அனைத்தையும் இன்று முதல் கம்பெனியிடம் பெருமையுடன் ஒப்படைக்கிறோம்" என்றது இது.

இரண்டு கடிதமும் ஒரே தபால் பையில், அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரைக்கும் அத்தனை வளைவிலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு சிநேகமாகத்தான் மலையேறி வந்தன. பையைப் பிரித்த பிறகுதான் வம்பு.

தோட்ட மேனேஜர் பழனியப்பன் துரை பொறுப்பான மனிதர். அரசாங்கச் சொத்துக்குச் சேதம் வரக்கூடாதே என்று டிஸ்பென்சரிக் கதவில் கம்பெனிப் பூட்டு ஒன்றைப் போட்டார். உடல்நல ஒருங்கிணைப்பு அதிகாரி நாகரத்தினமும் பொறுப்பான மனிதர். கம்பெனிச் சொத்து களவு போய்விடக்கூடாதே என்று அதன் கீழே அரசாங்கப் பூட்டு ஒன்றைப் போட்டார். பிறகு மரியாதை நிமித்தம் சாவிகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். சாவி கிடைத்ததென்று இரண்டு பேரும் பதிவுத் தபாலில் நன்றி தெரிவித்தார்கள். அந்தச் சாவியால் அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்ற யோசனை இருவருக்குமே வரவில்லை. திறந்தால் அது தம்முடையதாகிவிடும் அல்லவா?

ஜூன் இரண்டாம் தேதி அம்மாக்கண்ணுக்குப் பல் வலித்தது.

அம்மாக்கண்ணு மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பவள். அவளுடைய வாயைப் பற்றித் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. கொழுந்து நிறுக்கும் தராசுமுள் கொஞ்சம் கண்ணடித்தாலும் போதும், இந்த மலையில் அவள் போடும் சத்தத்துக்கு எதிர்மலையில் ஆட்களை மேய்க்கும் தண்டல் குடையை மடக்கிவிட்டு நிமிர்ந்து நிற்பார். அப்படிப்பட்ட வாய்க்குள் கீழ்வரிசைக் கடவாய்ப் பல் ஒன்று, விடிகிற நேரத்தில் யாரோ ஆணி வைத்து அடிப்பதுபோல் விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது.

நேரே டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இராமையா வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் வேலை இடத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. உள்ளே இருக்கவேண்டும் என்று விதியில் இல்லை.

"டிரஸ்ஸரய்யா, பல்லு. ரெண்டு நிமிசம்தான். புடுங்கிப் போடுங்க."

"பல்லு ஒன்னோடதும்மா. அதுல சந்தேகமே இல்ல. கொறடு யாரோடதுன்னுதான் தெரியல."

"கொறடு உள்ளதான இருக்கு?"

"இருக்கு. ரெண்டு பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அந்தப் பூட்ட ஒடைங்க!"

"எந்தப் பூட்ட? கம்பெனிப் பூட்ட ஒடைச்சா அரசாங்கச் சொத்தத் திருடுன மாதிரி ஆகும். அரசாங்கப் பூட்ட ஒடைச்சா கம்பெனிச் சொத்தத் திருடுன மாதிரி ஆகும். ஈ.பி.எப். காசு எடுக்க எனக்கு இன்னும் மூணு வருசம் இருக்கு லா." இராமையா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கிராம்பு வெச்சுக் கடிச்சுக்க. கிராம்பு ஒன் வீட்டுச் சொத்து. யாரும் கேக்க முடியாது."

மூன்றாம் நாள் கன்னம் பசாரில் விற்கிற முட்டைக்கோசு அளவுக்கு வந்துவிட்டது. தாடை இறுகிப் பேச்சு நின்றுபோனது. அவள் புருஷன் முனியாண்டி தேத்தூள் அரைக்கும் ஸ்டோரில் மெஷின் ஓட்டுகிறவன், நல்லவன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் ரேடியோ செய்தி முழுதாகக் கேட்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டு, உடனே அதற்காக வெட்கப்பட்டு, அவளைக் கோசு லோரியில் ஏற்றி டவுனிலிருந்த அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான்.

கிளினிக்கின் சன்னலுக்குப் பின்னால் பேர் பதியும் கிராணி அனுதாபத்தோடுதான் பேசினார்.

"நீங்க தோட்டத்து ஆளு. ஒங்களுக்குத் தோட்டத்துலயே டிஸ்பென்சரி இருக்குதே?"

"அதப் பூட்டிட்டாங்கய்யா."

"பூட்டிட்டாங்கன்னு மேனேஜர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. டிஸ்பென்சரி இல்லாத தோட்டம்னு நிரப்புற பொறாங் ஒண்ணு இருக்கு, அதுல எழுதி உடனே பாத்துடலாம்."

திரும்பி மலையேறினார்கள். பழனியப்பன் துரை வெள்ளைக்காரத் துரைகள் காலத்துக் கம்பளிச் சட்டையும், வாயில் பற்றவைக்காத சுங்கான் குழாயுமாக ஆபீசில் இருந்தார்.

"மூடிட்டோம்னு எப்படிப்பா லெட்டர் கொடுக்குறது? மூடலையே."

"பூட்டியிருக்குதே தொர?"

"பூட்டினது வேற, மூடினது வேற. மூடினா இல்லைன்னு அர்த்தம். பூட்டினா இருக்குன்னு அர்த்தம். இல்லாத ஒண்ண யாராவது பூட்டுவாங்களா? நீயே சொல்லு."

முனியாண்டி யோசித்துப் பார்த்தான். துரை சொன்னது சரியாகத்தான் இருந்தது. அம்மாக்கண்ணு அவன் முழங்கையில் கிள்ளினாள். அவளுக்குப் பதில் தெரியும். அதை வெளியே விட வழியில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லம் யோசனை சொன்னாள். "பிரிஞ்சாங்ல புதுசா தனியார் கிளினிக்கு தொறந்திருக்காங்கக்கா. உள்ள ஏர்கான் போட்டிருக்காம்! அங்க போறவங்க எல்லாம் சும்மா இல்ல, பெரிய பெரிய ஆளுங்க."

கேமரன் மலையில் ஸ்வெட்டர் போடாமல் படுத்தால் பல் தந்தியடிக்கும். அங்கே ஏர்கான் எதற்கு என்று கேட்கக்கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் சன்னல் வழியாக வருகிற குளிர் இனாமாக வருகிறது. இங்கே வருகிற குளிர் கரண்டில் வருகிறது. அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியாவிட்டாலும் மனசுக்குத் தெரியும். நோயாளிகள் துண்டைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீன்களைப் பார்த்தபடி, பெருமையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

இளம் டாக்டர் மிகவும் மரியாதையானவர். அம்மாக்கண்ணைத் தராசில் நிறுத்தினார். உயரம் அளந்தார். கையில் பட்டை கட்டிக் காற்றடித்தார். முழங்காலைச் சுத்தியால் தட்டினார். கால் துள்ளியதும் திருப்தியாகப் புன்னகை செய்தார். கடைசியில் முனியாண்டியைப் பார்த்து, "பல்லத் தவிர ஒங்க மனைவிக்கு எல்லாமே நல்லா இருக்கு" என்றார்.

"அந்தப் பல்லுக்குத்தான் டாக்டர் வந்தோம்."

"பல்லு என் பாடம் இல்ல. அதுக்கு ஈப்போவுக்குத்தான் போகணும். நான் சத்து மாத்திரை எழுதித் தரேன்."

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிற மாத்திரையும், மீன் படம் போட்ட ஒரு காலண்டரும் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வெள்ளி ஆயிற்று. ஈப்போ போக வைத்திருந்த பஸ் காசு அதிலேதான் இருந்தது. காலண்டரைச் சுவரில் மாட்டியபோது, லயத்து வீட்டுச் சனங்கள் வந்து பார்த்துவிட்டு, "நல்ல கிளினிக்குதான்" என்று ஒத்துக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். சத்தமில்லாமல் அழுவது அவளுக்குப் பழக்கமில்லாததால் அதுவும் வலித்தது.

இதற்கிடையில், டிஸ்பென்சரி பற்றி முடிவெடுக்க ஒரு கூட்டம் கூடவேண்டும் என்று முடிவெடுக்கப்பட்டது. கூட்டத்தில் "பயனாளர் பிரதிநிதி" ஒருவர் இருந்தே ஆகவேண்டுமாம். தொழிற்சங்கத் தலைவர் கந்தசாமியைக் கூப்பிட்டால் இரண்டு மணி நேரம் பேசுவார். துரை யோசித்தார். மூன்றாம் நாள் ஆபீசில் வாய் திறக்காமல் நின்ற அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. எப்பேர்ப்பட்ட வாய், எவ்வளவு அமைதி! ஆள் விட்டு அழைத்தார்.

முனியாண்டி தலையைச் சொறிந்தான். "அவளால பேச முடியாதே தொர."

"பிரதிநிதி பேசணும்னு எங்கயும் எழுதலப்பா. இருக்கணும்னுதான் எழுதியிருக்கு."

ஆபீசின் பெரிய அறையில் கூட்டம். நாகரத்தினம் வெளிநாட்டில் மூன்று வாரம் புதுக் கொள்கைப் பயிற்சி முடித்துவிட்டு முந்திய மாதம்தான் திரும்பியிருந்தார். சட்டையில் பெயர் அட்டை, அதற்குமேல் போட்ட கோட்டிலும் பெயர் அட்டை. ஒருவேளை கோட்டைக் கழற்றினாலும் ஆள் யாரென்று தெரியவேண்டும் அல்லவா? அம்மாக்கண்ணின் ரவிக்கையிலும் "பயனாளர்" என்று ஓர் அட்டையைக் குத்தினார்கள். மேசைமேல் தேத்தண்ணியும் பொரித்த கறிபாப்பும் வைத்தார்கள். நாலு நாளாகக் கஞ்சித் தண்ணியை ஒரு பக்கமாக உறிஞ்சிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு அந்தக் கறிபாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டக் குறிப்பு எழுத டிரஸ்ஸர் இராமையாவை உட்காரவைத்தார்கள். அவருக்குத்தான் வேறு வேலை இல்லை.

நாகரத்தினம் எழுந்தார். கொண்டுவந்திருந்த மெஷின் சுவரில் வெளிச்சம் அடித்தது. அதில் ஓர் அம்புக்குறி மேலே போய்க்கொண்டிருந்தது.

"அரசாங்கம் மாத்திரை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. சந்தையில போட்டி வரணும். போட்டி வந்தாத்தான் தரம் வரும். சும்மா கெடைக்கிற மருந்த எவன் மதிச்சுக் குடிக்கிறான்? தனியார் கையில கொடுத்துப் பாருங்க, நோவே பயந்து ஓடும்."

அரசாங்க அதிகாரி ஒருவர் முதலாளிகளை இவ்வளவு புகழ்ந்து அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. பழனியப்பன் துரைக்கோ கண் கலங்கிவிட்டது.

"துவான், மன்னிக்கணும். நோவுல லாபம் பாக்குறது பாவம். ஏழைக்கு வைத்தியம் பண்றது அரசாங்கத்தோட தர்மம். கூலிக்காரன் ரத்தத்த உறிஞ்சுற முதலாளி கையில டிஸ்பென்சரிய விடலாமா? நீங்களே சொல்லுங்க!"

கூலிக்காரர்களின் ரத்தத்தைப் பற்றித் துரை பேசியதைக் கேட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மணியம்மா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். இராமையாவோ எழுதிக்கொண்டே வந்தவர், இது அரசாங்கம் சொன்னதா, கம்பெனி சொன்னதா என்று குழம்பிப் பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டார். பிறகு படித்துப் பார்த்தபோது அப்படி இருப்பதுதான் இயற்கையாகப் பட்டது. அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு மணி நேரம் போயிற்று. அம்மாக்கண்ணுக்குக் காதிலிருந்து கழுத்துவரை இழுத்தது. நாகரத்தினம் பேசும்போது அவர் சொல்வது சரியென்று பட்டது. பிரிஞ்சாங்கில் எவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள்! துரை பேசும்போது அவர் சொல்வதும் சரியென்று பட்டது. அந்த மரியாதைக்கு முப்பத்தைந்து வெள்ளி போயிற்றே! இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு பக்கமாவது அநியாயமாக இருந்திருந்தால் விஷயம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

கடைசியில் தீர்மானம் வாசிக்கப்பட்டது. மருத்துவம் பொதுவில் இருக்கவேண்டுமா, சந்தையில் இருக்கவேண்டுமா என்பதை ஆராய ஆறு மாத காலத்துக்கு ஒரு துணைக் குழு. அதுவரை இரண்டு பூட்டும் இருந்தபடி இருக்கும். அந்த ஆறு மாதத்துக்கு நோய்வாய்ப்படாமல் ஒத்துழைக்கும்படி தோட்ட மக்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

"பயனாளர் தரப்புல ஆட்சேபணை ஏதும் உண்டா?" என்று நாகரத்தினம் கேட்டார். கேட்டுக்கொண்டே பைலை மூடினார்.

அம்மாக்கண்ணு எழுந்தாள். மேசையைச் சுற்றி நடந்து நாகரத்தினத்தின் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து, கண்ணில் நீர் வழிய வழிய, வாயைத் திறந்தாள். ஆவென்று அவர் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் திறந்தாள். நாகரத்தினம் நாற்காலியோடு பின்னால் போனார். அடுத்து துரையின் முன்னால் போய்த் திறந்தாள். துரை சுங்கானைக் கீழே போட்டார். மணியம்மா "ஐயோயோ" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயனாளர் பிரதிநிதி வாய் திறந்து தம் தரப்பைத் தெளிவாக எடுத்துரைத்தார்" என்று இராமையா எழுதினார். எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது அவர் முன்னாலும் அந்த வாய் திறந்திருந்தது.

மற்றவர்கள் அதில் ஒரு வாயைப் பார்த்தார்கள். இராமையா ஒரு பல்லைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் பல் பிடுங்கிய மனுஷன்.

"சீழ் வெச்சிருச்சே தாயி!" பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். "இன்னும் ரெண்டு நாள் போனா கழுத்துக்கு எறங்கிரும். வா என்கூட."

"கூட்டம் இன்னும் முடியல, மிஸ்டர் இராமையா" என்றார் துரை.

"நீங்க நடத்துங்க தொர."

இராமையா தம் வீட்டு அடுப்படியில் பெட்டிக்கடியிலிருந்து ஒரு பழைய குறட்டை எடுத்தார். பயிற்சி முடித்த காலத்தில் சொந்தக் காசில் வாங்கியது. எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஐந்து நாளாக அது தன் பெட்டிக்கடியில்தான் கிடந்தது என்பது அவருக்கு உறுத்தியிருக்கவேண்டும், அவள் முகத்தைப் பார்க்காமலே கொதிக்கவைத்தார். ஆபீஸ் வாசலிலிருந்து கூடவே வந்த முனியாண்டி அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். உப்புத் தண்ணி, ஒரு நெருடல், ஒரு திருகல். எதிர்மலைத் தண்டல் பழக்கத்தில் குடையை மடக்கிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

பல் தகர மூடியில் விழுந்தது. அம்மாக்கண்ணு துப்பினாள், கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம் பேசினாள். அரசாங்கம், கம்பெனி, ஏர்கான், காலண்டர், குறட்டைப் பெட்டிக்கடியில் வைத்துக்கொண்டு கிராம்பு கடிக்கச் சொன்னவர் என்று யாரையும் விடவில்லை. இராமையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

சேதி பரவியது. மறுநாள் இராமையா வீட்டுப் பின்கதவில் ஏழு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் முப்பது பேர். அவருடைய சம்பளத்தை யார் தருவது என்பதும் பரிசீலனையில் இருந்ததால், பஞ்சுக்கும் அயோடினுக்கும் ஆகட்டுமே என்று வாசலில் ஒரு மைலோ டின்னை வைத்தார். முடிந்தவர்கள் போட்டார்கள், முடியாதவர்கள் போடவில்லை. ஒருநாள் ஸ்டோர் கிராணி ராமசாமி முழுசாக ஒரு வெள்ளி போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றார். ஒரு வெள்ளி போட்டவரை எப்படிப் பின்னால் நிற்கச் சொல்வது? இராமையா அவருக்குத் தனியாக ஒரு பெஞ்சு போட்டார். ஒரு மாதத்தில் அது காசுப் பெஞ்சு, இது சும்மாப் பெஞ்சு என்று பெயரே வந்துவிட்டது. இரண்டு பெஞ்சுக்கும் ஒரே பானையிலிருந்து ஒரே கசாயம். காசுப் பெஞ்சுக்குக் கிளாசில் ஊற்றித் தட்டு வைத்துக் கொடுத்தார். சும்மாப் பெஞ்சுக்குத் தகரக் குவளை. கிளாசில் குடித்தவர்களுக்குச் சீக்கிரம் குணமானதாக அவர்களே சொன்னார்கள்.

துணைக் குழு வந்து பார்த்தது. "தடையில்லாத இடத்தில் சந்தை தானாகவே முளைத்திருக்கிறது" என்று காசுப் பெஞ்சைக் குறிப்பிட்டு எழுதினார் நாகரத்தினம். "இலவசப் பொது மருத்துவம் எவ்வளவு சிறப்பாக நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி" என்று சும்மாப் பெஞ்சைக் குறிப்பிட்டு எழுதினார் பழனியப்பன் துரை. இரண்டு பேருக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது.

அம்மாக்கண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது வெடித்தாள்.

"நோவுக்கு என்னா ஒசத்தி, தாழ்வு? காச்சலு காசு பாத்தா வருது? அவனுக்குக் கிளாசு, எனக்குத் தகரமா? எல்லாருக்கும் ஒரே பெஞ்சு போடுய்யா!"

தோட்டமே கைதட்டியது. காசுப் பெஞ்சில் உட்காருகிறவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

நவம்பர் மழையில் அம்மாக்கண்ணுக்கு இருமல் வந்தது. கொழுந்துக்கூடையோடு இராமையாவின் பின்வாசலுக்குப் போனாள். சும்மாப் பெஞ்சில் பதினோரு பேர் இருந்தார்கள். காசுப் பெஞ்சில் ராமசாமி மட்டும். கங்காணி பத்து மணிக்குள் மலைக்கு வரச் சொல்லியிருந்தார். மழை வேறு சாய்த்து அடித்தது. அவள் பதினோரு பேரையும் பார்த்தாள். மைலோ டின்னைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளியைப் போட்டுவிட்டு, ராமசாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னாக்கா இது? அன்னிக்கு அப்புடிப் பேசுன?" என்று சும்மாப் பெஞ்சிலிருந்து செல்லம் கேட்டாள்.

"எல்லாருக்கும் ஒண்ணுன்னு நான் சொன்னது மருந்தடி. மருந்து ஒண்ணுதான?" என்றாள் அம்மாக்கண்ணு, தட்டு வைத்த கிளாசை வாங்கிக்கொண்டே. "எனக்கு வேலை இருக்கு லா."

பதினோரு பேரும் அதை யோசித்துப் பார்த்தார்கள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

மறுநாள் காலையில் சும்மாப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. காசுப் பெஞ்சின் வரிசை வாசலைத் தாண்டி, மழையில் நனைந்துகொண்டு, லயத்து முனை வரைக்கும் நின்றது. இராமையா வரிசையை முனைவரைக்கும் எண்ணினார். பிறகு தச்சனைக் கூப்பிட்டு, காசுப் பெஞ்சுக்கும் முன்னால் போட மூன்றாவதாக ஒரு பெஞ்சுக்கு அளவு கொடுத்தார்.